24ஆம் நாள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அது வந்தபோது எனக்கு 14ஆம் நாள், இன்று 24. திங்கள், செவ்வாய் எல்லாம் எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றுகிற நாள் 1. அங்கிருந்து எண்ணி 21 வந்தால் ஒரு சுற்று தீர்ந்தது, மறுநாள் திரும்பவும் 1. நான்கு சுற்றில் மூன்று முடிந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் 24 என்ற நாளே இருக்கக் கூடாது. இருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

"இந்த நிலைமையில் எப்படித்தான் வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். எல்லா நாளும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு நாள் வாந்தி வராமலிருக்கக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன் என்னைத் தூங்க விடாது. முகம் சிவந்து, இரவு இரண்டு மணிக்கு அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். உலகத்தையே திருத்திவிடலாம் போல ஒரு வேகம். மூன்றாம் நாள் அது அப்படியே இறங்கிவிடும். மூன்றிலிருந்து ஆறு வரை நான் இல்லை என்றே வைத்துக்கொள். வாயில் எதை வைத்தாலும் இரும்பை நக்கியது போலிருக்கும். குமட்டலை நிறுத்துகிற மாத்திரை வயிற்றையும் சேர்த்து நிறுத்திவிடும். போதும், மேலே எழுதினால் உனக்கே குமட்டும்.

வேடிக்கை அதற்கு அடுத்த வாரத்தில்தான். ஏழு, எட்டாம் நாளில் எழுந்து நடமாடுவேன், பேசுவேன், சிரிப்பேன். பார்க்கிறவர்கள் "தேறிவிட்டாயே!" என்று வீட்டுக்கு வரக் கிளம்புவார்கள். ஆனால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் தரைதட்டுவது அந்தச் சமயத்தில்தான். சாதாரணச் சளிகூட என்னைப் படுக்கவைத்துவிடும். நான் தெம்பாகத் தெரிகிற நாளில் "வராதீர்கள்" என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? மேசையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே வெப்பமானி இருக்கிறது. 38 டிகிரி, அதாவது பழைய கணக்கில் 100.4, தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மாத்திரை போட்டு அமுக்கவும் கூடாது, உடனே மருத்துவமனை. பை கட்டித் தயாராகக் கதவோரம் இருக்கிறது. இதுவரை அதைத் தூக்க நேரவில்லை.

14இலிருந்து 21 வரை என் வாரம். மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குமுன் பிழை திருத்துவது, எல்லாம் அதில்தான். உனக்குப் பதில் எழுதாமல் கையிலிருந்த புத்தகத்தை முடித்ததும் அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

அலுவலகத்தில் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர், என்னைக் கேட்காமலே, என் கையிலிருந்த இரண்டு புத்தகங்களை வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள்" என்றார். ஓய்வா? நான் படுத்துக் கிடக்கிற நாள்களை அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்! கைப்பிரதிக்கு என் நோய் தெரியாது. ஒற்றுப்பிழை செய்த ஆசிரியர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட மாட்டார். அப்படி நோயை மறந்து உட்காருகிற இரண்டு மணி நேரத்துக்காகத்தான் வேலை வேண்டும் என்று அடம்பிடித்தேன்.

அடம்பிடித்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. இரண்டாவது சுற்றில், ஐந்தாம் நாள் என்று தெரிந்தும், "நான்கு பக்கம்தானே" என்று ஒரு விழா மலரைப் பிழை பார்த்து அனுப்பினேன். உள்ளே கமாகூடப் பிசகவில்லை. மேலே, கொட்டை எழுத்துத் தலைப்பில் "பல்லித் திறப்பு விழா" என்று இருந்திருக்கிறது! அச்சுக்குப் போகுமுன் யாரோ பார்த்துவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுவதும், படித்த வரியையே திரும்பப் படிப்பதும் இந்தச் சிகிச்சையில் பலருக்கும் உண்டாம். 'கீமோ மூளை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இப்போது முதல் ஆறு நாளில் எதையும் முடித்து அனுப்புவதில்லை. தலைப்பை வாய்விட்டு, எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன்.

முடி கொட்டியது முதல் சுற்றின் 16ஆம் நாள். தலை குளிர்கிறது, அவ்வளவுதான். புருவம் போனதுதான் வருத்தம். கண்ணாடியில் எந்நேரமும் ஆச்சரியப்படுகிற முகம் தெரிகிறது.

நீ சொற்பைத்தியம் என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஏற்றுகிற இரண்டு மருந்தில் ஒன்று டாக்ஸோரூபிசின். செக்கச்செவேல் என்று இருக்கும். செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்குழலில் மெதுவாகத் தள்ளுவார். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லியிருக்காவிட்டால் அலறியிருப்பேன். பெயருக்கு நடுவே இருக்கிற 'ரூபி' அந்த நிறத்துக்காக வந்தது, மாணிக்கம் என்கிற ரூபியேதான். இத்தாலியில் ஒரு பழைய கோட்டையை ஒட்டிய மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து இந்த மருந்தின் வம்சம் தொடங்கியதாம். பக்கத்திலிருக்கிற அட்ரியாட்டிக் கடலை வைத்து அட்ரியாமைசின் என்றும் ஒரு பெயர். யாரோ அள்ளிய ஒரு பிடி மண் என் நரம்பில் ஓடுகிறது என்று நினைத்தால், ஏற்றுகிற நேரம் கொஞ்சம் சீக்கிரம் போகிறது.

சரி, 24க்கு வருகிறேன். 21ஆம் நாள் ரத்தம் கொடுத்தேன். வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில் 1500ஆவது இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. எனக்கு 900. "ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நியாயப்படி நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ கோபம் கோபமாக வந்தது. மனதைத் தயார்செய்து, துண்டு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு போனவளைத் திருப்பி அனுப்பினால்? முடிகிற தேதியும் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. இன்று காலை எழுந்தபோது தண்ணீர் தண்ணீராகவே ருசித்தது. இரண்டு மாதமாக 22, 23, 24 என்ற நாள்களை நான் பார்த்ததே இல்லை. ஓசியில் கிடைத்த நாள். இதில் அலுவலக வேலை செய்வதில்லை என்று முடிவுசெய்து முதலில் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாலாவது சுற்று முடிந்தால் அடுத்தது பாக்ளிடாக்ஸல் என்ற வேறொரு கீமோ மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. விரல் நுனி மரத்துப்போகலாம் என்கிறார்கள். பென்சில் பிடிக்க வருமோ என்னவோ. என் எண்ணிக்கையும் 21இலிருந்து 7 ஆகிவிடும், பழகிக்கொள்ள வேண்டும்.

நீ வருவதானால் அதற்குள் வா. நாலாவதின் 16ஆம் நாளுக்கு மேல் எந்த நாளும் சரி. தேதி தெரிந்ததும் சொல்கிறேன். தும்மல் இருந்தால் மட்டும் வராதே. வந்து "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்காதே, அங்கே யார் யாரோடு சண்டை என்று சொல்.

இத்துடன் 32 பக்கம் மெய்ப்பு வைத்திருக்கிறேன். நல்ல நாளில் பார்த்ததுதான், ஆனாலும் தலைப்புகளை மட்டும் நீ ஒருமுறை பார்த்து அனுப்பு. ல, ள, ழ மூன்றும் உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பல்லி