பாப்பாவுக்கு, பந்தலூரிலிருந்து

அன்பு மகளுக்கு,

பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து ஜனங்களுக்கு ஏதாவது செய்யப் போகிறேன் என்று போனில் சொன்னாய். சித்தப்பா குதிக்கிறார், அது கிடக்கட்டும். கிராம சுகாதார செவிலியராக இந்த நீலகிரி மலையில் ஏறி இறங்கி ரிட்டையர் ஆனவள் நான், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? ஆனால் "மனசுக்கு நிறைவான வேலை" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னதுதான் உறுத்துகிறது. நிறைவைத் தேடிக் கிளம்பாதே பாப்பா. எங்கே ஆள் குறைகிறது என்று பார்.

சிக்கிள் செல் நோயையே எடுத்துக்கொள். நம் பக்கத்தில் பணியர், குறும்பர் ஆதிவாசிக் குடும்பங்களில் இருக்கிறது. ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் போல வளைந்து சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். குளிர் பட்டாலும், காய்ச்சல் வந்தாலும், தண்ணீர் குடிக்காமல் விட்டாலும் வலி கிளம்பிவிடும். ஆனி ஆடி மழையில் முட்டியைக் கட்டிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வாதம் என்பார்கள், சோகை என்பார்கள். நோயின் பேர் தெரிந்த பிறகும் பாடு தீர்ந்துவிடவில்லை. அடிக்கடி வலி வராமல் தடுக்கிற ஹைட்ராக்சியூரியா மாத்திரை கொடுத்தால் அதைத் தினமும் போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வலி விட்டதும் மாத்திரையையும் விட்டுவிடுவார்கள். நிறுத்தியது யார், எந்தக் காலனியில் என்பது நோட்டு எழுதுகிறவளுக்குத்தான் தெரியும்.

அந்த மாதிரி நோட்டு நம் வீட்டு மேஜையில் கிடந்ததை நீ பார்த்திருக்கிறாய். ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு, பேர், ஊர், கொடுத்த மாத்திரை, அடுத்து வர வேண்டிய தேதி. தேதி தாண்டியவர் பேருக்கு நேரே பென்சிலில் ஒரு புள்ளி. மறுநாள் எந்தப் பக்கம் நடப்பது என்பதை அந்தப் புள்ளிகள்தான் சொல்லும். புள்ளி வைக்க மறந்தால் ஒரு பிள்ளை விட்டுப் போகும். சேவை என்றதும் உன் கண்ணில் என்ன தெரிகிறதோ, எனக்கு இதுதான் தெரிகிறது.

கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990-இல் ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்து தங்கினார்களே, அது சாதாரண விஷயமில்லை. ஆனால் நான் பெரிதாக நினைப்பது, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸாகப் பழக்கி எடுத்ததைத்தான். தன் பாஷை பேசுகிறவள் பக்கத்தில் நின்றால் பிரசவத்துக்கு வருகிற பெண்ணின் பயம் பாதி போய்விடும். வந்த டாக்டர் ஒருநாள் போனாலும் அந்தப் பெண்கள் இங்கேயேதான் இருப்பார்கள். நீ எங்கே போய் உட்கார்ந்தாலும், உனக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொள்ள உள்ளூரில் ஒருத்தி இருக்கிறாளா என்று முதலில் விசாரி.

இன்னொன்று. இங்கே ஆதிவாசி சங்க உறுப்பினர்களுக்கு 1992-லேயே கூட்டாக மருத்துவக் காப்பீடு எடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு கட்டுவது, வைத்தியச் செலவு எவ்வளவு திரும்பி வருகிறது என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள் அல்லவா? நீ அங்கே கம்ப்யூட்டரில் கிளெய்ம் பார்க்கிறாயே, அதே வேலை. அதைப் போய் "வெறும் கணக்கு வேலை" என்று சொல்கிறாய். கை பழகிய தொழிலை வீசிவிட்டு வராதே, அதையும் தூக்கிக்கொண்டு வா. பள்ளிக்கூடம் கட்டப் போகிறேன், காட்டுக்குள் மரம் நடப் போகிறேன் என்று வருகிறவர்கள் நிறைய. கணக்கு தெரிந்தவர்கள் வருவதில்லை.

2023 ஜூலையில் மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது, 2047-க்குள் முடிக்க வேண்டுமாம். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிப்பது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் அந்த ஆளை வருஷக்கணக்காகத் தொடர்வதுதான் கஷ்டம். அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இந்த நோயின் மரபணு இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. இதைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். பக்குவமாகச் சொல்லத் தெரியாவிட்டால் பழியைப் பெண்ணின் தலையில் கட்டி ஒதுக்கிவிடுவார்கள். இதற்கெல்லாம் பொறுமையாக நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஒரே இடத்தில் இருக்கிற ஆள் வேண்டும். ஆறு மாதம் இருந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களால் ஆகாது.

காசு விஷயம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறித்துப் பிழைத்த குடும்பம் நம்முடையது. ஒரு சம்பளம் நின்றால் வீடு என்னவாகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷச் செலவுக்குச் சேர்த்து வைத்துக்கொள். வருகிற இடத்தில் சம்பளம் கேட்கக் கூச்சப்படாதே. வயிற்றுக்குப் போதாத வேலையில் எவ்வளவு நல்ல மனசும் நீடிக்காது.

இப்போதைக்கு ராஜினாமா கொடுக்காதே. பொங்கலுக்கு வரும்போது கூட ஒரு வாரம் லீவு போட்டுக்கொண்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால், அங்கே மருந்து கொடுக்கிற அக்காவோடு உட்கார்ந்து, அவள் நோட்டில் எது விட்டுப் போகிறது என்று கேள். லேப்டாப்பையும் எடுத்து வா. ஸ்வெட்டரை மறந்துவிடாதே, போன தடவை மறந்தாய்.

அம்மா