கவிழ்த்துப் பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மௌஸ் வாங்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிபிஐ (கையசைவுக்குத் திரையில் அம்பு எவ்வளவு நகரும் என்ற கணக்கு) எவ்வளவு, எத்தனை நிறத்தில் விளக்கு எரியும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னவர், கெட்டுப்போனால் கழற்ற முடியுமா என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

இளம்பிள்ளைத் தறிகளுக்குச் சேலை டிசைன் போடுவது என் தொழில். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தில், கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளை வைத்து, கட்டம் கட்டமாகப் பூவும் கொடியும் வரைகிறேன். போன வருடம், பாதி முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போதே நடுவழியில் மௌஸ் பிடி விட ஆரம்பித்தது. ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. வாரண்டி 12 மாதம். வாங்கி 14 மாதம். சர்வீஸ் சென்டரில், ‘இதையெல்லாம் யார் சார் ரிப்பேர் பண்றாங்க, புதுசு வாங்கிக்கோங்க’ என்றார்கள்.

பட்டனுக்கு அடியில் நகத்தளவு மைக்ரோ சுவிட்ச் ஒன்று இருக்கும். அதற்குள் மெல்லிய தகடு வில் மாதிரி வளைந்து நிற்கும். அழுத்தி அழுத்தி அது தளர்ந்துவிடும், தொடுகிற முனையும் கறுத்துவிடும். அப்புறம் ஒரு தொடுதல் இரண்டாகத் துள்ளும். லினக்ஸில் மௌஸ், கீபோர்டைக் கவனிக்கும் லிப்இன்புட் என்ற பகுதி இந்தத் துள்ளலை வடிகட்டப் பார்க்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். அட்டைப்பெட்டியில் ‘1 கோடி கிளிக்’, ‘2 கோடி கிளிக்’ என்று போடுவதும் இந்தச் சுவிட்சின் ஆயுளைத்தான். வயருக்கோ வீலுக்கோ அந்தக் கணக்கு இல்லை.

சுவிட்சுக்கு மூன்று கால்கள்தான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிற நண்பர் சால்டரிங் கம்பியைப் பிடித்தார். பழைய ஈயத்தை இளக்கி எடுத்துப் புதியதை வைக்க அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சுவிட்சின் விலை 30 ரூபாய். பாடுபட்டதெல்லாம் மௌஸைத் திறக்கத்தான். திருகுகளை அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள். உரித்ததில் பட்டை கிழிந்து, பலகையில் கரகரவென்று உரச ஆரம்பித்தது. அடுத்த மௌஸைக் கடையிலேயே கவிழ்த்து, திருகு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், சரி, பார்க்கட்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னொன்று. யுஎஸ்பி மௌஸ் என்றால் நகர்வு, கிளிக், வீல் மூன்றும் தனியாக டிரைவர் போடாமலே வேலை செய்யும். கூடுதல் பட்டன், டிபிஐ அமைப்பில்தான் சிக்கல்: பல நிறுவனங்களின் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. பைப்பர் என்ற திறமூல மென்பொருள் சில மாடல்களுக்கு அந்த வேலையைச் செய்கிறது. வாங்கும் முன் அதன் பட்டியலில் நம் மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். லாஜிடெக் வயர்லெஸ் என்றால் சோலார் இருக்கிறது. சூரிய ஒளி சோலார் இல்லை, அதுவும் ஒரு மென்பொருள்தான்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு எழுதும் என் மச்சானின் மௌஸில் சுவிட்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே பூசியிருந்த ரப்பர்தான் மலை ஈரத்தில் பிசுபிசுத்து, பலாப்பழம் அரிந்த கை மாதிரி ஒட்டுகிறது. அங்கே இருப்பவர்கள் வெறும் பிளாஸ்டிக் உடம்பாகப் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், மௌஸின் முதுகோடு வயிற்றையும் படம் எடுத்துப் போடுங்கள்.

சேலை டிசைனர் ஒருவர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.