சொன்னால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறவர்கள் பலரும், 'என்னால் முடியும் என்று தினமும் சொல்லுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு 'நான் அன்புக்குரிய மனிதர்' என்று இதேபோலத் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதால் மனம் மேலும் சோர்ந்தது தெரியவந்தது. உள்மனம் நம்பாததை வாய் சொல்லி என்ன பயன்?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977-லேயே சொல்லிவிட்டார்: நம்பிக்கையை அதிகம் வளர்ப்பது, ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான். மேடைப் பேச்சு வராது என்பவர் முதலில் நான்கு பேர் முன் இரண்டு நிமிடம் பேசட்டும். அப்புறம் பத்துப் பேர். நன்றாகப் பேசிவிட்டும் 'ஏதோ அதிர்ஷ்டம்' என்று தள்ளிவிடுகிறவர்களிடம்தான் பழைய எண்ணம் லேசில் போகாது. தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புகள் கைதட்டலைக் குறைத்து, இத்தகைய சிறு வேலைகளைக் கொடுத்துப் பார்க்கலாமே.

- ஒரு வாசகர்