வாத்து சாக மாட்டேங்கு

எலே கொக்கு,

ஏழு மாசமா ஒரு வரி போடாதவன் இப்போ எழுதுதான்னா, கடன் கேக்கத்தான்னு நினைச்சிராத. எல்லாரும் சொகம். அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்குத் தொந்தி. சேதி முடிஞ்சிச்சு.

நம்ம டிவி கேம் உயிரோட இருக்குலே! 2023 டிசம்பர்ல ஆறு சிந்துபூந்துறை வீட்டுக்குள்ள வந்து டப்பா டிவி, அப்பா கட்டிலு எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போச்சுலா. இது மட்டும் பரண்ல, மைனி சீர் கொண்டாந்த பித்தளைக்குள்ள கெடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை அக்கா மவன் எறக்கிட்டான். "மாட்டிக் காட்டுங்க மாமா"ன்னான். மானம் போனது அங்கனதான்.

புது டிவில சத்தம் வருது, படம் இல்ல. சத்தம் வந்தா கேம் பெட்டிக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். குத்தம் படத்தைக் கொண்டு போற மஞ்சள் ஒயர்ல. இந்தப் புத்தி எனக்கு அன்னைக்கே வரலையே! கடைக்காரர் ஒரு கன்வெர்ட்டரைத் தலையில கட்டிட்டாரு. வீட்டுக்கு வந்து பாத்தா அது புது டிவிக்குள்ள எச்டிஎம்ஐல இருந்து, நம்ம மஞ்சள்-வெள்ளை-செவப்பு ஒயர் ஏவிக்குப் போறது. நமக்கு வேண்டியது தலைகீழ். ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டுனாலும் ஓடாது.

அப்புறந்தான் பொறி தட்டுச்சு. நம்ம பெட்டில சத்தத்துக்கு ஒரு ஓட்டைதான, செவப்பு ஒயர் சும்மாதான கெடக்கு? அதை மஞ்சளுக்குப் பதிலா சொருகுனேன். நிறமெல்லாம் நமக்குத்தான், ஒயருக்குத் தெரியுமா? படம் வந்துட்டு! மஞ்சள் ஒயர் கழுத்துல உள்ள அத்துப் போயிருக்கு. நீ பெட்டியச் சுத்திச் சுத்தி இறுக்கிக் கட்டுவியே, அந்த எடத்துலதான்.

ஆனா படம் கருப்பு வெள்ளை. "உங்க காலத்துல கலரே கிடையாதா மாமா?"ங்கான் பய. டிவில கலர் அனுப்புத முறை நம்ம ஊருல பால் (PAL), ஜப்பான்காரனுக்கு என்டிஎஸ்சி (NTSC), அந்தத் தகராறோன்னு அரைநாள் மண்டைய உடைச்சேன். இல்லலே. இந்த டிவில மஞ்சள் ஓட்டையே கிடையாது. பச்சை ஓட்டையச் சுத்தி ஒரு மஞ்சள் வட்டம். ஒரே ஓட்டை ரெண்டு வேலை பாக்கு. இன்புட்டு 'காம்போனென்ட்'ல இருந்தா பச்சைல வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, நிறத்தை நீலத்துலயும் செவப்புலயும் தேடும். நம்ம பெட்டியோ ரெண்டையும் ஒரே ஒயர்ல சாம்பார்சாதமாப் பெசஞ்சு அனுப்புது. 'ஏவி'ன்னு மாத்துனேன், வானம் நீலமாயிட்டு. பய கைதட்டுனான். நான் ஒண்ணும் நடக்காத மாதிரி மீசையத் தடவிக்கிட்டேன்.

கேசட்டும் மொரண்டு பிடிச்சுது. புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதுனோம்லா, ஒன் எச்சில்தான் பச்சை பிடிச்சுக் கெடக்கு. அழிரப்பர் வச்சுத் தேய்ச்சேன்.

வாத்து சுடுத கேம் துப்பாக்கிதான் தோத்துட்டு. வாத்து சாகவே மாட்டேங்கு. குதிரைய அமுக்குனதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருக்க எடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பாக்கணும். டப்பா டிவில அது உடனுக்குடனே தெரியும். புதுசு பிந்திக் காட்டுது, துப்பாக்கி ஏமாந்து போவுது. இதுக்கு ஒயர் மாத்திப் பிரயோசனம் இல்ல, அந்த டிவிதான் வேணும்.

வெள்ளம் வடிஞ்சு அதைச் சேறோட தெருவுல தூக்கி வச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணல. அப்பாதான் "கொக்கு வந்தா கேப்பானேலே"ன்னாரு. இப்போ அவரு அதிகம் பேசுததில்ல, சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூட தலையாட்டுததோட சரி. ஞாயித்துக்கிழமை மரியோ சத்தம் கேட்டு உள்ள இருந்து கேக்காரு: "கொக்கு வந்திருக்கானா?"

ரெண்டாவது ஜாய்ஸ்டிக் உங்கிட்டதான் இருக்கு. இல்லன்னு பொய் சொல்லாத. கூரியர்ல அனுப்பாத, கையில கொண்டா.

தொந்தியன்