வேதாகமத்தை முழுக்க வாசிக்கத் துணைநின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கும் ஊராருக்கும் ஸ்தோத்திரம்.

ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினமும் சாயங்காலம் மூன்று அதிகாரம், சில நாள் நான்கு என்று கோயிலில் கூடிச் சத்தமாக வாசித்து, போன வாரம் கடைசி ‘ஆமென்’ சொன்னோம். சபைச் செயலர் என்ற முறையில் நன்றி சொல்லும் வேலை எனக்கு வந்திருக்கிறது.

முதல் நன்றி நம்ம உபதேசியார் ஐயாவுக்கு. ஒரு வசனத்தைக்கூடத் தாண்டக் கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பலிமுறைகளும் சட்டங்களுமாக இருக்கும் லேவியராகமத்தை விட்டுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. முதலாம் நாளாகமத்தில் ‘ஆதாம், சேத், ஏனோஸ்’ என்று தொடங்கி ஒன்பது அதிகாரத்துக்குப் பெரும்பாலும் பெயர்கள்தான்; வாலிபர் சங்கத்துப் பையன்கள் நாக்கு சுளுக்கிக்கொண்டு வாசித்தார்கள். அவர்களுக்கும் நன்றி.

லேவியராகமத்தை விட்டிருந்தால் அதன் 19ஆம் அதிகாரமும் போயிருக்கும். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கு விடு, கூலிக்காரன் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே, அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே என்று எல்லாம் ஒரே அதிகாரத்தில் வருகிறது. வாசித்து முடித்ததும் யாரும் உடனே எழுந்து போகவில்லை. அந்த வாரமே பஜாரில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, காலாவதியாகிக் கிடந்த தராசு முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். கட்டட வேலை எடுத்துச் செய்யும் இன்னொருவர், சித்தாள்களுக்கு நிறுத்தி வைத்திருந்த கூலிப் பாக்கியைத் தீர்த்தார். பேர் போடக் கூடாது என்று இருவருமே சொல்லிவிட்டார்கள், போடவில்லை. (ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.) வசனத்தைக் கேட்டு அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வசனத்துக்காகப் பையில் இருந்து பணத்தை எடுப்பவர்கள் அபூர்வம். யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வாசித்தபோது அந்தக் கட்டடக்காரர் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது ஓய்வுநாள் பள்ளி அக்கா. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் என்று நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். அந்த அதிகாரம் வந்த அன்று, வெளியூரில் இருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார் இந்த வசனத்தைக் காட்டி, ஆறு மாதத்தில் கடன் தீரும், வீடு வரும் என்றார். அக்கா எழுந்து, “ஐயா, மேல் வசனத்தையும் ஒருதரம் வாசிங்களேன்” என்றார். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது பத்தாம் வசனம். சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எரேமியா எழுதிய கடிதம் அது. பிரசங்கியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அப்போஸ்தலன் பவுலும் அவரோடு ஊழியம் செய்த சீலாவும் சொன்னதையே ‘காரியங்கள் இப்படியிருக்கிறதா’ என்று பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் அவர்களுக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது. நம்ம அக்காவுக்கும் அதே பாராட்டு.

பகலெல்லாம் பீடி சுற்றி, பீடிக் கட்டுகளைக் கடையில் போட்டுவிட்டு நேரே வந்து முறை தவறாமல் வாசித்த சகோதரிகளுக்கு நன்றி. எழுதப் படிக்கத் தெரியாத கீழத்தெரு ஆச்சிக்கு விசேஷ நன்றி: 119ஆம் சங்கீதத்தின் 176 வசனமும் அவர்களுக்கு மனப்பாடம். நான் வாசிக்கும்போது ஒரு வரி தவறியதும் பாயில் இருந்தபடியே அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மன் கோயில் கொடை நடந்த வாரம், நாங்கள் கேட்காமலே வாசிப்பு நேரத்துக்குக் குழாய் ரேடியோவை வேறு பக்கம் திருப்பி வைத்த மேலத்தெருக்காரர்களுக்குச் சபை கடமைப்பட்டிருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து அசனம் (சபை விருந்து) உண்டு. நீங்களும் குடும்பமாக வர வேண்டும்.

மறுநாள் திங்கள் இரவு ஏழு மணிக்கு மத்தேயு முதலாம் அதிகாரம். அதுவும் பெயர்ப் பட்டியல்தான். வாலிபர் சங்கத்தார் தயாராக வரவும்.

இப்படிக்கு,
சபைச் செயலர்