டோக்கியோவிலிருந்து அப்பாவுக்கு: நான் இங்கே பார்க்கும் படங்கள்

நிஷிகசாய், டோக்கியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். ஜப்பானில் என்ன படம் பார்க்கிறாய், நம் படங்களைப் போல இருக்குமா என்று சென்ற முறை கேட்டீர்கள். தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். நான் சினிமாவை ஆராய்பவள் அல்ல, ஓய்வு கிடைத்தால் பார்ப்பவள். ஆனாலும் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: சண்டைப் படமோ பூதப் படமோ, வீட்டையும் சோற்றையும் மறக்காத படமே என் மனத்தில் நிற்கிறது.

இங்குள்ள அரங்குகளில் விசில் கிடையாது, கைதட்டல் அரிது, பெரும்பாலும் இடைவேளையும் இல்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதும் பலர் விளக்கு எரியும்வரை இருக்கையை விட்டு எழுவதில்லை. நுழைவுச்சீட்டு பெரும்பாலும் 2,000 யென். மாதத்தின் முதல் தேதியன்று பல அரங்குகளில் குறைத்துத் தருவதால், அன்றைய தினமே எனக்குத் தோது.

சண்டைப் படங்களில் அகிரா குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’க்கு (1954) ஈடாக நான் எதையும் பார்த்ததில்லை. கொள்ளையரிடமிருந்து அறுவடையைக் காக்க, ஒரு கிராமத்து உழவர்கள் சாமுராய்களைத் தேடி அமர்த்துகிறார்கள். அவர்களால் கொடுக்க முடிந்த கூலி சோறு மட்டுமே. வந்தவருக்கு அரிசிச் சோறு போட்டுவிட்டுத் தாங்கள் குதிரைவாலி தின்கிறார்கள் என்று தெரிந்ததும், தலைமைச் சாமுராயாக நடிக்கும் தகாஷி ஷிமுரா, அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி, இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார். மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றே குறைந்த அந்தப் படத்தின் வாள்வீச்சு அனைத்துக்கும் நியாயம் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். களத்துமேட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே ஆண்டில், அதே தோஹோ நிறுவனத்திலிருந்து, அதே ஷிமுரா நடித்து வந்ததுதான் இஷிரோ ஹோண்டாவின் ‘காட்ஜில்லா’. ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கடலிலிருந்து கிளம்பி வந்து நகரத்தை அழிக்கும் ஒரு ராட்சத விலங்கின் கதை அது. பிள்ளைகளுக்கான பூதப் படம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் நகரம் எரியும்போது, பிள்ளைகளை அணைத்தபடி தரையில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு தாய், சீக்கிரமே நாம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். போர் முடிந்து ஒன்பது ஆண்டுகளே ஆன ஊரில் அதைக் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த ஆண்டு மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், 23 பேர் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அந்த மரப்படகை எங்கள் பகுதிக்கு அருகிலேயே, யுமெனோஷிமா பூங்காவில் ஒரு கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதன் அடிப்பலகைகளை நிமிர்ந்து பார்த்து நின்றபிறகு, அந்தப் பூதத்தை வெறும் கற்பனையாக என்னால் எண்ண முடியவில்லை.

குடும்பப் படங்களில் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ கதை’ (1953). ஓனோமிச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் வயதான பெற்றோருக்கு, மகனும் மகளும் ஒதுக்க முடியாத நேரத்தை, போரில் கணவனை இழந்த மருமகள் ஒதுக்குகிறாள். அந்தப் பிள்ளைகளைக் கெட்டவர்களாகக் காட்டாததுதான் அதன் பெருமை. அவர்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் மகளாக அதைப் பார்ப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை, அப்பா.

பேய்ப் படங்கள் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 1998இல் வந்த ‘ரிங்’ மிகத் திறமையாக எடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. பார்த்தவரை ஏழு நாளில் கொல்லும் ஒரு வீடியோ கேசட்டிலிருந்து மகனைக் காப்பாற்றத் துடிக்கும் தாயின் கதை அது. ஆனால் கேசட்டைப் பிரதியெடுத்து வேறொருவருக்குக் காட்டினால்தான் மகன் பிழைப்பான் என்று தெரிந்ததும், கடைசியில் அவள் அந்தக் கேசட்டோடு தன் தகப்பனாரின் வீட்டை நோக்கிப் புறப்படுகிறாள். அங்கே நான் அந்தப் படத்தை வெறுத்தேன். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லச் சொல்லப் பாலையா நடுங்குகிறாரே, பயம் என்றால் அது போதும் எனக்கு.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலுவலகத்தில் மூத்தவரான ஓர் அம்மையார், 1998இல் இங்கே வெளியாகிப் பெரும் வெற்றி பெற்ற ரஜினியின் ‘முத்து’வைப் பார்த்தவர். இன்னொரு தமிழ்ப் படம் காட்டும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாலையாவின் முகத்துக்கு மொழி தேவையில்லை என்பதால் ‘காதலிக்க நேரமில்லை’யைக் காட்டலாமா, அல்லது உங்கள் மனத்தில் வேறு படம் இருக்கிறதா? அம்மாவிடமும் கேட்டு, இம்மாத இறுதிக்குள் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்