வீட்டிலேயே படிக்க வைக்க நினைக்கும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பிக்கலாமா என்று நடுநிலை வகுப்புகளில் (6 முதல் 8 வரை) படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கேட்டு வருகிறீர்கள். காரணம் எதுவாக இருந்தாலும் முடிவு உங்களுடையது. ஒன்றே ஒன்றுதான் வேண்டிக் கேட்கிறேன்: சொல்லாமல் கொள்ளாமல் அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள். அப்படி நின்ற பிள்ளை பதிவேட்டில் 'இடைநின்றவர்' ஆகிவிடும். பிறகு ஒவ்வொரு சான்றிதழுக்கும் நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக் கல்வி என்று தனியாக ஒரு பிரிவு அதில் இல்லை. அதற்குப் பதிவு செய்யும் அலுவலகமும் இல்லை. எனவே 'வீட்டுக் கல்விக்கு அனுமதிக் கடிதம்' கேட்டு வந்தால் என்னால் தர இயலாது. நான் தரக்கூடியது மாற்றுச் சான்றிதழ் (டி.சி.). அதைக் கேட்டால் தாமதிக்காமல் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது.

டி.சி. கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்குள்ள எண்), நிறுத்தும் காரணம் ஆகியவற்றை எழுதிப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். கூடவே பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் நகல்களைக் கொண்டு வாருங்கள். இந்த மூன்றும் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்பதை என் மேசையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் தவறு முன்னெழுத்தில்தான் வரும். தகப்பனார் பெயர் செல்வம் என்றால் தமிழில் 'செ'. ஆங்கிலத்தில் பள்ளிப் பதிவேடு 'எஸ்' என்றும் ஆதார் 'சி' என்றும் சொல்லும். பிறந்த தேதியிலும் இப்படி நேர்வதுண்டு. இப்போது திருத்துவது சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகிவிட்டால் வருடக்கணக்கில் இழுக்கும். டி.சி.யை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரையோ குறிப்போ இட வேண்டி வந்தால் முடியாது. எமிஸ் எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். டி.சி. தந்ததும் பிள்ளையின் பதிவு பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளியில் சேரும்போது அந்த எண்ணை வைத்துத்தான் எடுப்பார்கள். புது எண் போட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு பதிவு ஆகிவிடும்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை தொடர்ந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்று சில உரிமைகள் இருக்கின்றன. மருத்துவப் படிப்பில் 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021-இலும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவற்றில் ஒன்று. கல்லூரி போகும் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் இந்தப் படிப்பை வைத்துத்தான். ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் வெளியே போனாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். திரும்பி வந்து பன்னிரண்டு வரை இங்கேயே படித்தாலும் அது ஒட்டாது. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். அந்த வாய்ப்பும் போகும். வசதி குறைந்த வீட்டுக்கு இவையெல்லாம் பெரிய இழப்பு. ஐந்தாம் வகுப்புக்குள் வீட்டில் கற்பித்துவிட்டு ஆறாம் வகுப்பில் சேர்ப்பதே எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நிறுத்திய பிறகு தேர்வுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, அதாவது பள்ளியில் படிக்காமல் நேரடியாக எழுதும் தேர்வு. இதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும்போது பலர் தவறவிடுவது அறிவியல் செய்முறைப் பயிற்சியை. அதற்கு முன்னதாகவே தனியாகப் பெயர் பதிந்து, வகுப்புகளில் 80 சதவீத வருகை காட்ட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துத் தேர்வுக்கு எவ்வளவு படித்திருந்தாலும் பயனில்லை. அறிவிப்பு செய்தித்தாளில் சிறிய பத்தியாகத்தான் வரும். கண்ணில் படாமல் போய்விடும்.

இன்னொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். சிறு பிள்ளைகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று நிலைகள். அவை 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்தால் போதும். தேர்ச்சிக்கு ஐந்து பாடங்கள், ஐந்து வருட அவகாசம், ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தமிழிலேயே எழுதலாம். ஆனால் 'பாஸ் உறுதி' என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள் பக்கம் போகாதீர்கள். இணையத்தில் நேரடியாக நீங்களே சேருங்கள். தமிழக அரசு வேலை நோக்கமாக இருந்தால், என்.ஐ.ஓ.எஸ். சான்றிதழைச் சமமாக ஏற்பது குறித்த நடப்பு அரசாணையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்றுநர்களும் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். அவர்களைக் கண்டு பயப்பட வேண்டாம். தேதியிட்ட நோட்டுகள், படித்த பாடங்களின் பட்டியல், தேர்வுப் பதிவு ரசீது ஆகியவற்றைக் காட்டுங்கள். வாரம் ஒரு பக்கமாவது எழுதி வைத்தால்தான் காட்ட ஏதாவது இருக்கும்.

சரிப்படவில்லை என்றால் தயங்காமல் திரும்பி வாருங்கள். 14 வயதுக்குள் எந்த மாதம் வந்தாலும், நுழைவுத் தேர்வு இல்லாமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்வோம். விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. முடிந்தவரை ஆண்டுத் தேர்வு முடிந்ததும் டி.சி. வாங்குங்கள், நடுவில் வாங்கினால் அந்த வகுப்புத் தேர்ச்சி சான்றிதழில் வராது. விண்ணப்பத்தோடு வரும்போது பிள்ளையையும் அழைத்து வாருங்கள். வகுப்பாசிரியர் எந்தப் பாடத்தில் எதுவரை நடந்திருக்கிறது என்று எழுதித் தருவார். வீட்டில் அங்கிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்